வால் முளைத்த நிலா

நதேஜ்: நிலா... நிலா... இதுவும் நிலா. ரொசான், எண்ணற பொத்தானை அமுக்கறியா, இல்ல தூங்கறியா?

ரொசான்: அமுக்கிக்கிட்டுதான் இருக்கேன் தாயி. இருட்டு ரூம்ல உக்கார வச்சு, ஏ.சி.யும் போட்டுவிட்டு, நிலா நிலான்னு தாலாட்டு பாடினா மனுஷன் என்ன பண்ணுவான்?

நதேஜ்: விளக்கு போட்டா சாயம் மங்கிடும். எத்தனை தடவை சொல்றது?

ரொசான்: நான் மண்ணு நோண்டறவன். மண்ணு வெயில்ல கிடக்கும். இந்த மைக்ராஸ்கோப்புல செல்லு பாக்கற வேலைக்கெல்லாம்...

நதேஜ்: யாரு கூப்பிட்டா உன்னை? 'உன் உதவிக்கு இருக்கற பொண்ணு லீவுல போயிட்டா, நான் வர்றேன், ஜெல் ஊத்தறேன், ஸ்லைடு கழுவறேன்'னு வாரம் முழுக்க ஒட்டிக்கிட்டு நின்னது யாரு?

ரொசான்: என் ஞானமகன் எலியோவைப் பெத்தவளாச்சே, தனியா கஷ்டப்படறாளேன்னு வந்தேன். நல்லதுக்குக் காலமில்ல.

நதேஜ்: நிலா. நிலா. சரி, இந்த ஸ்லைடு முடிஞ்சுது. எத்தனை வால்?

ரொசான்: கையில நாலஞ்சு. மீதி எல்லாம் நிலா.

நதேஜ்: சுத்தத் தண்ணியில வளர்ந்த செல். அப்படித்தான் இருக்கணும். அடுத்ததை எடு.

ரொசான்: எடுக்கறேன். ஆனா இன்னொரு தடவை சொல்லேன். திங்கக்கிழமை யாராவது கேட்டா உளறக்கூடாதில்ல.

நதேஜ்: செல்லுக்கு நடுவுல டி.என்.ஏ. நூலுக்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கு. அது அறுபடாம இருந்தா, நாம கரண்ட் விட்டாலும் அசையாது. உருண்டையா நிக்கும்.

ரொசான்: நிலா.

நதேஜ்: எதாவது உள்ள புகுந்து நூலை அறுத்திருந்தா, அந்தத் துண்டெல்லாம் கரண்ட் போற பக்கம் ஓடும்.

ரொசான்: வால். நீ வாத்தியாராப் போயிருக்கலாம்.

நதேஜ்: உன்னை மாதிரி பையன் நாலு பேர் வகுப்புல இருந்தா நான் கடல்ல குதிச்சிருப்பேன். ம்... இது பழைய விஷம். வாழைக்குத் தூவின முழு குளோர்டெகோன். நிலா... நிலா... வால்... நிலா.

ரொசான்: பரவாயில்லையே! நம்ம தீவையே நாசமாக்கினவன், இங்க சாதுவா இருக்கான்?

நதேஜ்: சாதுவா? அவன் நூலை அறுக்கற ஜாதி இல்ல. ஹார்மோன் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள வந்து உக்காருவான். உங்க மாமாவுக்கு வந்த புத்துநோய், எங்க தெருவுல முக்கால்வாசி ஆம்பளைங்களுக்கு வந்தது... அது வேற வழி. அது இந்த ஸ்லைடுல தெரியாது.

ரொசான்: வாழைக்கிழங்குல வண்டு விழக்கூடாதுன்னு தூவினாங்க. தூவினவன் செத்துட்டான், வண்டும் செத்துடுச்சு. மருந்து மட்டும் மண்ணுல கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கு.

நதேஜ்: அதைத்தானே நீ இரும்புத்தூளைப் போட்டு உடைச்சே. இதோ, உன் ஸ்லைடுதான் அடுத்தது. உங்கப்பா நிலத்துல இரும்பு கலந்தப்புறம் அடியில வடிஞ்ச தண்ணி. அந்தத் தண்ணியில ரெண்டு நாள் இருந்த செல்.

ரொசான்: பரீட்சை ரிசல்ட் மாதிரி இருக்கு. சீக்கிரம் பாரு.

நதேஜ்: இரு, ஃபோகஸ் பண்றேன்... ம்.

ரொசான்: என்ன ம்?

நதேஜ்: வால்.

ரொசான்: ஒண்ணுதானே. சுத்தத் தண்ணியிலயே நாலஞ்சு...

நதேஜ்: வால். வால். இங்கயும் வால்... நிலா ஒண்ணு. வால். ரொசான், பொத்தான்.

ரொசான்: அமுக்கறேன்... இடத்தை நகர்த்திப் பாரு. ஓரமா இருக்கும்.

நதேஜ்: நடுவுலதான் பாக்கறேன். இது சாதாரண வாலே இல்ல. தலையே இல்ல இதுக்கு. மொத்தமும் வால்தான். நீயே வந்து பாரு.

ரொசான்: வேணாம். எனக்கென்ன தெரியும். ஜெல் சூடா ஊத்திட்டேனோ என்னவோ... நான்தானே ஊத்தினேன். என் கை சரியில்ல.

நதேஜ்: மூணையும் நீதான் ஊத்தினே. ஒரே ஜெல், ஒரே தொட்டி, ஒரே கரண்ட். சுத்தத் தண்ணி ஸ்லைடு நிலாவா நிக்குது. உன் கை இதுக்கு மட்டும் எப்படி சரியில்லாமப் போகும்?

ரொசான்: இரும்பா இருக்கலாம். தண்ணியில இரும்பு மிச்சம் இருந்து...

நதேஜ்: வடிகட்டினது யாரு? நீ. இரும்பு இருக்கான்னு அளந்தது யாரு? நீ. இல்லைன்னு சொன்னது?

ரொசான்: ...நான்.

நதேஜ்: அப்போ உடைஞ்ச துண்டுங்கதான். குளோர்டெகோனை நீ உடைச்சே, சந்தேகமில்ல. தண்ணியில அது துளிகூட இல்ல. ஆனா உடைஞ்சது எங்க போகும்? கண்ணாடியை உடைச்சா கண்ணாடி இல்லாமப் போயிடுமா? சில்லு இருக்குமே. முழுசா இருந்தப்போ மண்ணை இறுகப் பிடிச்சிக்கிட்டிருந்தது. சில்லானதும் தண்ணியோட நடக்க ஆரம்பிச்சிடுச்சு. செல்லுக்குள்ளயும் சுலபமா நுழையுது.

ரொசான்: ஒரு ஸ்லைடை வச்சுக்கிட்டு நீ...

நதேஜ்: ஒரு ஸ்லைடு இல்ல. போன மாசம் இதே தண்ணியில செல்லு வளரவே மாட்டேன்னு அடம் பிடிச்சுது. சோர்ந்துபோய் தட்டுல மிதந்துது. நான் இன்குபேட்டர்ல கோளாறுன்னு நினைச்சு மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திட்டினேன். பாவம் அந்த மனுஷன்.

ரொசான்: திரும்பவும் பண்ணிப் பாப்போம். இன்னொரு தடவை. அடுத்த மாசம் நிதானமா.

நதேஜ்: அடுத்த மாசமா? திங்கக்கிழமை நம்ம மேலதிகாரி மதாம் பெல்ரோஸ் யாரை எல்லாம் கூட்டிட்டு வர்றா? பாரிஸ்லேர்ந்து நாலு பேரு, டி.வி.க்காரங்க... உங்கப்பா நிலத்துல விளைஞ்ச சேப்பங்கிழங்கை அவிச்சு எல்லார் வாயிலயும் ஊட்டப்போறா. 'நம்ம கபெஸ்தேர் ஊர் மண்ணு பிழைச்சுது'ன்னு.

ரொசான்: கிழங்கு நல்லாத்தான் இருக்கு. சாப்பிட்டேன்.

நதேஜ்: நீ எதைத்தான் சாப்பிடல! போன வருஷம் உங்கப்பா நிலத்துக்குக் கீழ இருக்கற ஊத்துத் தண்ணியை டம்ளர்ல பிடிச்சு, காமிரா முன்னாடி மடமடன்னு குடிச்சியே. எங்கம்மா போன் பண்ணி, 'உன் கூட வேலை பாக்கற பையன் சினிமாக்காரன் மாதிரி இருக்கான்டி'ன்னா.

ரொசான்: அதை ஞாபகப்படுத்தாதே.

நதேஜ்: ஏன்? அன்னைக்கு அவ்வளவு பெருமையா...

ரொசான்: ஞாபகப்படுத்தாதேன்னு சொன்னேன்ல.

நதேஜ்: ...சரி. ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லு. இந்தச் சில்லுங்க ஊத்துக்கு இறங்குதா?

ரொசான்: ஊத்துல குளோர்டெகோன் இல்லைன்னு ரிப்போர்ட் இருக்கு. அதை வச்சுத்தான் 'குடிக்காதே'ன்னு வச்சிருந்த தடுப்புப் பலகையை எடுத்தாங்க.

நதேஜ்: நான் குளோர்டெகோனைக் கேக்கல.

ரொசான்: சட்டத்துல அளக்கச் சொன்னது அதைத்தான்.

நதேஜ்: ரொசான். நான் போலீஸ் இல்ல. சட்டம் கேக்கல. அந்த ஊத்துல ஊரே கேன்ல தண்ணி பிடிக்குது. குழாய்ல முறை வச்சு தண்ணி விடறாங்க, முறையும் பாதி நாள் வர்றதில்ல. பலகையை எடுத்ததும் ஜனங்க வரிசையில நிக்குது. நான் கேக்கறது...

ரொசான்: தெரியல! போதுமா? எனக்குத் தெரியல.

நதேஜ்: கத்தாதே. காவலாளி வந்து எட்டிப் பாப்பான்.

ரொசான்: ...மன்னிச்சுக்கோ. காலையிலேர்ந்து எதுவும் சாப்பிடல.

நதேஜ்: என் பையில ரொட்டி இருக்கு. வெளிய போய்ச் சாப்பிடு. இங்க சாப்பிட்டா உன் வயித்துக்குள்ள சாயம்தான் போகும். போ, நான் மீதியைப் பாத்துக்கறேன்.

ரொசான்: மீதி என்ன மீதி? மூணும்தான் முடிஞ்சுதே.

நதேஜ்: ஆமா... முடிஞ்சுது. சும்மா, ஒருதடவை சரி பாக்கலாம்னு...

ரொசான்: நீ வேணா போய்ச் சாப்பிடு. நான் இதெல்லாம் எடுத்து வைக்கறேன்.

நதேஜ்: உனக்கு எங்க வைக்கறதுன்னு தெரியாது.

ரொசான்: ஒரு வாரமா நான்தானே வைக்கறேன்.

நதேஜ்: ரொசான், அந்தப் பெட்டியைக் குடு.

ரொசான்: எந்தப் பெட்டி?

நதேஜ்: கையில வச்சிருக்கறதுதான். குடு... இதென்ன? ரெண்டு ஸ்லைடு கூட இருக்கு.

ரொசான்: ரெண்டா?

நதேஜ்: ரெண்டு.

ரொசான்: ஒண்ணு... இல்ல, ரெண்டு எப்படி? நீ வச்சதா?

நதேஜ்: நான் ஏன் வைக்கறேன்? பேரே எழுதல. நீ வச்சதா?

ரொசான்: எனக்கென்ன தெரியும்? பழசு ஏதாவது கலந்திருக்கும். தூக்கிப் போட்டுடலாமா?

நதேஜ்: வேணாம்!

ரொசான்: இல்ல, நானும் சும்மாதான் சொன்னேன்.

நதேஜ்: பாத்துடலாம். பாக்கறதுக்கு என்ன... நகரு. முதல்ல இதை வைக்கறேன்.

ரொசான்: ஸ்லைடைத் தலைகீழா வைக்கறே.

நதேஜ்: தெரியும், திருப்பறேன்.

ரொசான்: நதேஜ்...

நதேஜ்: பேசாதே. நிலா. நிலா... நிலா. ஆண்டவரே. நிலா, நிலா, ஒரு சின்ன வால், நிலா. நல்லா இருக்கு. ரொசான், இது நல்லா இருக்கு!

ரொசான்: நல்லா இருக்கா? நிஜமாவா? எங்க, நான் பாக்கறேன்... அப்பாடா.

நதேஜ்: நீ ஏன் அப்பாடாங்கறே?

ரொசான்: நீ ஏன் ஆண்டவரைக் கூப்பிட்டே?

நதேஜ்: ...இன்னொண்ணைப் பாப்போம்.

ரொசான்: வை.

நதேஜ்: வச்சாச்சு. சாயம் பிடிச்சிருக்கு. இரு...

ரொசான்: என்ன?

நதேஜ்: ஃபோகஸ் ஆகல இன்னும்.

ரொசான்: நதேஜ், சொல்லு. நிலாவா, வாலா?

நதேஜ்: வால்.

ரொசான்: நிறையவா?

நதேஜ்: நிலத்துத் தண்ணி ஸ்லைடு அளவுக்கு இல்ல. ஆனா... பாதிக்கு மேல. இது தட்டுல வளர்ந்த செல் இல்ல ரொசான். ரத்தத்துல இருக்கற வெள்ளைச் செல். ரெண்டுமே ரத்தம்.

ரொசான்: தெரியும்.

நதேஜ்: எப்படித் தெரியும்?

ரொசான்: நீ சொல்லு முதல்ல. ஒண்ணு உன்னுது. ஒத்துக்கோ.

நதேஜ்: ஒண்ணு உன்னுதுன்னு நீ ஒத்துக்கறியா?

ரொசான்: ஒத்துக்கறேன்.

நதேஜ்: என்னுது எலியோவோடது.

ரொசான்: ...எலியோவா? பிள்ளைக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்தியா?

நதேஜ்: குதிகால்ல, ஒரே சொட்டு. சில மாசம் முன்னாடி, கார்னிவல் திருவிழா சமயத்துல. நான் வேலைக்குத் திரும்பி, அவனை உன் தங்கச்சி செலிமேன் வீட்டுல விட ஆரம்பிச்ச மூணாம் மாசம். குழாய்ல தண்ணியே வரல. ஒரு நாள் சாயங்காலம் அவனைக் கூட்டிட்டு வரப் போறேன்... பாத்திரம் கழுவற தொட்டிக்குக் கீழ ஊத்துத் தண்ணி கேன். அவன் பால் புட்டி அது பக்கத்துல.

ரொசான்: கேட்டியா அவளை?

நதேஜ்: கேட்டேன். 'பாப்பாவுக்குப் பாட்டில் தண்ணிதான் கலக்கறேன், கேன் வீடு துடைக்க'ன்னா. மாதா மேல சத்தியம் பண்ணா. நம்பிட்டேன். நம்பினாத்தானே நான் மறுநாள் வேலைக்கு வரமுடியும்? உன் தங்கச்சி வேற. சண்டை போட்டா எங்க கொண்டுபோய் விடுவேன் குழந்தையை?

ரொசான்: நம்பினவ ரத்தம் ஏன் எடுத்தே?

நதேஜ்: அன்னைக்கு ராத்திரி நம்பல. மறுபடி காலையில நம்பினேன். ரத்தத்தை ஆழ்குளிர்ப் பெட்டியில வச்சுட்டேன். பாக்கத் தைரியமே வரல. இந்த வாரம்தான், எல்லா ஸ்லைடோடயும் சேத்து ஓடிடட்டும்னு... சொல்லு. உன்னுது யாரோடது?

ரொசான்: அது அப்புறம்.

நதேஜ்: உங்கப்பாவோடதா?

ரொசான்: ...

நதேஜ்: அப்பாவோடதுதான். ஐயோ ரொசான், நான் எவ்வளவு கேவலமானவ தெரியுமா? வாலைப் பாத்ததும், இது எலியோவோடதா இருக்கக்கூடாது, வேற யாரோடதாவது இருக்கட்டும்னு நினைச்சேன். அந்த வேற யாரு உங்கப்பாவா இருந்தாக்கூட. நிஜமாவே அப்படித்தான் நினைச்சேன்.

ரொசான்: யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. அழாதே. எது உன்னுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? அடையாளம் ஏதாவது போட்டியா?

நதேஜ்: அடியில, இடது மூலையில கீறியிருக்கேன். வைரப் பேனாவால. கண்ணுக்குத் தெரியாது. நகத்தால தடவினா இடறும். நீ பாரு. என்னால முடியாது.

ரொசான்: நிலா இருக்கறதை முதல்ல தடவறேன்... இங்க ஒண்ணும் இடறல.

நதேஜ்: சரியாத் தடவு. இடது மூலை. உன் இடது இல்ல, திருப்பிப் பிடி.

ரொசான்: திருப்பிட்டேன். வழவழன்னு இருக்கு.

நதேஜ்: அப்போ அது...

ரொசான்: இதுல இருக்கு. வால் இருக்கறதுல. கீறல் இருக்கு.

நதேஜ்: ...பொய் சொன்னா. மாதா மேல சத்தியம் பண்ணி, என் பிள்ளைக்கு அந்தத் தண்ணியைக் குடுத்திருக்கா. இன்னும் குடுத்துக்கிட்டிருப்பா. இன்னைக்குக் காலையிலகூட... ரொசான், போனை எடு. எங்க என் போன்? நான் போய் அவனைத் தூக்கிட்டு வந்துடறேன்...

ரொசான்: உக்காரு. நதேஜ், உக்காரு.

நதேஜ்: விடு என்னை!

ரொசான்: இப்போ குடுக்கல. கார்னிவல் முடிஞ்சதிலேர்ந்து அவனுக்குப் பாட்டில் தண்ணிதான்.

நதேஜ்: அவ சொன்னாளா? அவ பேச்சை இன்னும் நீ நம்பறியா?

ரொசான்: அவ சொல்லல. நான் கொண்டுபோய் இறக்கறேன். வாரா வாரம், கட்டுக் கட்டா.

நதேஜ்: நீயா?

ரொசான்: கேனை நானும் பாத்தேன். நீ பாத்த மறுவாரம். புட்டியில அவ ஊத்தறதை என் கண்ணால பாத்தேன். அவளைத் திட்டாதே. 'அண்ணன் டி.வி.யில குடிச்சுக் காமிச்சாரே, அதைவிட வேற என்ன அத்தாட்சி'ன்னு கேட்டா. நான் என்ன பதில் சொல்றது?

நதேஜ்: இரு... இரு. நிலா இருக்கற அந்த ஸ்லைடு?

ரொசான்: அதுவும் எலியோதான்.

நதேஜ்: என்ன?

ரொசான்: புதன்கிழமை காலையில எடுத்தேன். உன்கிட்ட ஜெல் ஊத்தக் கத்துக்கிட்டதே அதுக்குத்தான். உன்னுது அப்போ எடுத்தது. என்னுது இப்போ. அதனாலதான் அப்பாடான்னேன்.

நதேஜ்: புதன்கிழமை சாயங்காலம் அவன் குதிகால்ல ஒரு சிவப்புப் புள்ளி... கொசு கடிச்சதுன்னு சொன்னா செலிமேன்.

ரொசான்: கொசு நான்தான்.

நதேஜ்: பாவி... பாவிப் பயலே. அடிக்கறதா கட்டிக்கறதான்னே தெரியல.

ரொசான்: அடி. அதுதான் நியாயம்.

நதேஜ்: அறுந்த நூலை உடம்பு தச்சுக்கும். புதுச் செல்லும் வந்திருக்கும். தண்ணி நின்னதும் தச்சுக்கிட்டிருக்கு. ஒரு ஸ்லைடு எல்லாத்தையும் சொல்லிடாது. வேற எங்க என்ன பண்ணியிருக்கோ, டாக்டர்கிட்ட காட்டணும், திரும்பத் திரும்பப் பாக்கணும். ஆனா நிலா. என் பிள்ளைக்கு நிலா... ரொசான்.

ரொசான்: ம்.

நதேஜ்: கார்னிவல் சமயத்துல நாம செல்லுங்களை வச்சுப் பாக்கவே ஆரம்பிக்கல. அப்பவே எதைப் பாத்து பயந்தே?

ரொசான்: ...தண்ணி அளக்கற என் மெஷின்ல. ஊத்துத் தண்ணியை ஓட்டினப்போ குளோர்டெகோன் கோடு தட்டையா இருந்துது. அது பக்கத்துல புதுசா மேடு மேடா என்னவோ. உன் சில்லுங்கதான். மதாம்கிட்ட காட்டினேன். 'அளக்கச் சொன்னதை மட்டும் அள. இல்லாததைத் தேடிக்கிட்டு அலையாதே'ன்னா. கெடுதலா இல்லையான்னு எனக்குத் தெரியாது நதேஜ். இருக்குன்னு மட்டும் தெரியும்.

நதேஜ்: தெரியாதவன் என் பிள்ளைக்கு மட்டும் பாட்டில் தண்ணி இறக்கினே. செலிமேன் வீட்டுக்கு அடுத்த வீட்டுல ரெட்டைக் குழந்தை தவழுது. அந்த வீட்டுலயும் அதே கேன்தான்.

ரொசான்: எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு வாரமும் பாட்டிலை இறக்கும்போது அந்தப் பொண்ணு ஜன்னல்ல நின்னு பாக்கும். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்துடுவேன்.

நதேஜ்: எழுந்திரு. ஸ்லைடு அஞ்சையும் எடு, பத்திரம். முதல்ல ஊத்துக்குப் போறோம். நீயே அங்க நின்னு சொல்லு, டி.வி.யில குடிச்ச அதே வாயால. நான் மதாமைக் கூப்பிடறேன்.

ரொசான்: நம்ம ரெண்டு பேரையும் வெளிய தள்ளிடுவா.

நதேஜ்: தள்ளட்டும். உன் வண்டியா, என் வண்டியா?

ரொசான்: என்னுது. சாவி கையிலயே இருக்கு.

நதேஜ்: போற வழியில உங்கப்பாவுக்கும் சொல்லிடு. கிழங்கைப் பிடுங்க வேணாம், யாரையும் நிலத்துக்குள்ள விட வேணாம்னு... ஏன் நின்னுட்டே? அவர் புரிஞ்சுக்குவார் ரொசான். தங்கச்சி வீட்டுக்கு வாரா வாரம் பாட்டில் இறக்கினவன், அவருக்கு இறக்காமயா இருந்திருப்பே? அவருக்கு ஏற்கெனவே பாதி தெரிஞ்சிருக்கும்.

ரொசான்: அவருக்கு இறக்கல நதேஜ். பாட்டிலைப் பாத்தா ஏன்னு கேப்பார். 'உன் நிலத்தைக் குடு, சுத்தமாக்கித் தர்றேன்'னு நான் கெஞ்சினதாலதான் குடுத்தார்... கார்னிவலுக்கு அப்புறமும், இன்னைக்குக் காலை வரைக்கும் அவர் குடிக்கறது அந்த ஊத்துத் தண்ணிதான். நான் போகும்போதெல்லாம் எனக்கும் ஒரு டம்ளர் ஊத்திக் குடுப்பார். குடிச்சுட்டு வருவேன்.